பள்ளுருத்தியில் தோற்ற வண்டி

1

கொச்சியில் இருந்துகொண்டு கடல்கடந்து போனவள் மாதிரி எழுதுகிறாயே, அது என்ன கனடாவா என்று, போன கோடையில் ஊருக்கு வந்திருந்தபோது ஒருவர் கேட்டார். தென்காசியில் பஸ் ஏறிக் கண்ணயர்ந்தால் செங்கோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, விழிக்கும்போது கேரளம். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. கேள்வி நியாயமானதுதான்.

என்னிடம் பதிலும் இருக்கிறது. ஊரில் என் தெருவின் பெயரைக் கேட்டதும் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தார்கள். இங்கே என் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்ததும் அப்படியே நினைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என்னைப் படித்து முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடம் எதுவானாலும் எனக்கு அது வெளிநாடுதான். கேட்டவர் இதையும் படிப்பார் என்று நம்புகிறேன்.

இந்த முறை எழுதக் காரணம் என் கார். பழைய எண்ணூறு, வெள்ளை, டி.என். 76 என்று தொடங்கும் பலகை. எனக்கும் அதற்கும் ஒரே வயது. அதன் பதிவுக் காலம் முடியப் போகிறது. புதுப்பித்துக் கேரள எண் வாங்க வேண்டும். அதற்காக ஒரு திங்கட்கிழமை வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டுவதாக ஏற்பாடு. காட்டுவதற்கு முன்னால் புகைச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்காக அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பள்ளுருத்திக்குப் போனேன். வண்டி தோற்றது.

சான்று இல்லையென்றால் புதுப்பிப்பு இல்லை. புதுப்பிப்பு இல்லையென்றால் இவ்வளவு வயதான வண்டிக்கு ஒரே இடம்தான் மிச்சம், பழைய இரும்புக் கடை. இங்கே அந்தக் கடைக்காரனை ஆக்ரிக்காரன் என்பார்கள்.

2

அந்தக் கார் எங்கள் ஊர் ரைஸ்மில் வீட்டுடையது. அவர்கள் அதை வாங்கிய வருடம்தான் நான் பிறந்தேன். அம்மா அந்த வீட்டில் வேலை செய்தாள். வாசல் தெளித்ததும் காரைக் கழுவ வேண்டும். வெளிப்புறம் மட்டும். உள்ளே துடைப்பது டிரைவர் வேலை. கதவைத் திறக்க அம்மாவுக்கு அனுமதி இல்லை. யாரும் அப்படி வாயால் சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் மில் வீட்டுக் கேட்டருகே நின்று பார்ப்பேன். கண்ணாடியைத் துடைக்கும்போது அம்மாவின் முகம் கண்ணாடிக்கு வெளியேதான் இருக்கும்.

பிறகு அப்பாவுக்குக் கொச்சியில் கட்டட வேலை கிடைத்தது. மட்டாஞ்சேரியில் ஒரு சந்தில் வாடகை வீடு. அம்மா இஞ்சி கோடவுனில் சேர்ந்தாள். சுக்கைக் காயவைத்து, சுத்தம் செய்து, தரம் பிரிக்கும் வேலை. நான் எங்கள் குடும்பத்திலேயே முதலாவதாகப் பத்தாம் வகுப்பு, முதலாவதாகக் கல்லூரி, முதலாவதாக வேதியியல். இப்போது ஏலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆலைகளின் புகைபோக்கியில் ஏணி வைத்து ஏறி, புகையைக் குழாயில் பிடித்துக்கொண்டு இறங்கி, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது என் தொழில். படிக்கும்போதே கவனித்திருப்பீர்கள், ஊரார் புகையை அளக்கிறவளின் வண்டிதான் புகைப் பரிசோதனையில் தோற்றது. முதலில் சிரித்துவிடுங்கள். மட்டாஞ்சேரியில் எல்லாரும் சிரித்தாயிற்று.

வேலைக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். முதல் பஸ்ஸை நம்பினால் முடியாது. வண்டி வேண்டும் என்று ஆனபோது எனக்கு ஒரே ஒரு வண்டிதான் ஞாபகம் வந்தது. மில் வீட்டில் பெரிய கார் வந்துவிட்டதால் இது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. போய்க் கேட்டேன்.

"ஒனக்கா கார்? ஓட்டுறதுக்கு ஆள் வச்சிருக்கியா?" என்றார் மில் வீட்டம்மா.

"நானே ஓட்டுவேன்."

"ஒங்க அம்மைக்குப் பழக்கமான வண்டிதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

"ஆமா, வெளிப்பக்கம் மட்டும்" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. எனக்கு அது போதும்.

சாவியை வாங்கி இடதுபுறக் கதவைத் திறந்து, அம்மாவை ஏறச் சொன்னேன். அம்மா முதலில் முந்தானையால் கதவின் கைப்பிடியைத் துடைத்தாள். கை தன்னால் செய்தது. பிறகுதான் ஏறினாள். நாங்கள் மில் வீட்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தோம்.

இதைச் சொல்லாமல் புகைக் கதையைச் சொன்னால், ஒரு பழைய இரும்புக்காக இந்தப் பெண் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறாள் என்று நினைப்பீர்கள்.

3

பள்ளுருத்தி புகைப் பரிசோதனைக் கடை ஒரு தகரக் கொட்டகை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, வண்டியின் வாலில் செருகுகிற நீளக் குழாய். அதை நடத்துகிற பினோய்க்கு என் வயதுதான் இருக்கும். என் வண்டி உள்ளே நுழைந்ததும் முன்னால் வந்து பலகையைப் பார்த்தான்.

"பாண்டியாணல்லோ" என்றான், பக்கத்தில் ஆட்டோவோடு நின்றவரிடம்.

இங்கே தமிழரைப் பாண்டி என்பார்கள். பாண்டிய நாட்டுக்காரர் என்ற பெருமையில் சொல்வதில்லை. முதல் வருடங்களில் அந்தச் சொல் கேட்டதும் காது சூடாகும். இப்போது சூடாவதில்லை. அல்லது சூடானாலும் வெளியே தெரிவதில்லை.

"பாண்டிதான். குழாயச் செருகுங்க சேட்டா" என்றேன்.

செருகினான். எஞ்சினை உறுமவிடச் சொன்னான். பின்னால் கறுப்பாக ஒரு மேகம் எழுந்து ஆட்டோக்காரரை மூடியது. அவர் இருமிக்கொண்டே, "எந்தம்மே, ஏலூர் ஃபாக்டரி இங்கோட்டு வந்நோ?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் கார்பன் மோனாக்சைடு அளவு எல்லையைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

"ஃபெயிலாணு சேச்சி" என்றான் பினோய். பிறகு சேர்த்துக்கொண்டான்: "நாட்டில வண்டி கொண்டுபோகாதெ தன்னெ சர்ட்டிபிக்கற்று கிட்டும், அல்லே? இவிடெ அது பற்றில்லா. மெஷீனாணு."

எங்கள் ஊரில் வண்டியே போகாமல் சான்று கிடைக்குமாம், இங்கே அது நடக்காதாம். என் தொழில் என்னவென்று அவனிடம் சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. பின்னால் இன்னும் மேகம் கலையவில்லை. இந்த நேரத்தில் சொல்லாமல் இருப்பதே புத்தி என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சிரித்தான். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயர் இசக்கிமுத்து. எங்கள் குலதெய்வத்தின் பெயர். பேச்சியம்மாள் என்ற என் பெயருக்கும் குறையாத பெயர். கைக்குழந்தையாகக் கொச்சிக்கு வந்து, மலையாளப் பள்ளியில் படித்து, இப்போது கல்லூரியில் முதல் வருடம். கூட்டாளிகளுக்கு அவன் ஐசக். முதலில் யாரோ தவறிக் கூப்பிட்டது, பிறகு நிலைத்துவிட்டது. அவனும் திருத்தவில்லை. தமிழைப் பேசுவான், கடைப் பலகைகளைத் தடவித் தடவிப் படிப்பான், எழுத வராது. வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். சோறு போதும் என்பதற்கு மதி என்பான். இப்போது அம்மாவே மதி என்கிறாள்.

எல்லாருக்கும் நடப்பதுதான். நானும் வந்த புதிதில் ஆபீசில் ஒப்பிடச் சொன்னபோது எதை எதோடு ஒப்பிடுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள். கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று புரிய நேரமாயிற்று. ஆனால் நான் அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். அவன் அதற்குள் போய்விட்டான். இரண்டும் வேறு.

"அக்கா, அதக் கொடுத்துரு. ஜங்ஷன்ல கூட்டுக்காரெல்லாம் நிக்கும்போ நீ இந்தப் பாண்டிவண்டிய ஓட்டிட்டு வரும். எந்தொரு நாணக்கேடு" என்றான்.

"யாருக்குடே நாணக்கேடு? பாண்டிவண்டிலதான் உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், காய்ச்சல்ல கெடந்தப்போ."

"அதொக்கெ சரி. அடுத்த டெஸ்ட்லயும் தோத்தா?"

"தோக்காது."

"தோத்தா?"

"தோத்தா ஆக்ரிக்காரன வரச்சொல்லு. சாவிய நானே கொடுக்கேன். போதுமா?"

அவன் சும்மா இருப்பவன் இல்லை. அங்கேயே போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கும்படி ஆக்ரிக்காரனிடம் சொல்லிவிட்டான். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை.

4

சந்து முனையில் ஷாஜி சேட்டனின் வொர்க்‌ஷாப். நல்ல மனிதர். என்னை மோளே, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார். வண்டியை மட்டும் வண்டி என்று கூப்பிட மாட்டார், "ஆ சாதனம்", அதாவது அந்தச் சாமான், என்பார். பானெட்டைத் திறந்ததும் ஏர் ஃபில்டர் இருக்கும் வட்டத் தகரப் பெட்டியின் மேல் கை வைத்தார்.

"அதத் தொட வேண்டாம் சேட்டா. ஆயுத பூஜைக்கு முன்னாடிதான் புது ஃபில்டர் மாத்தினேன். நானே மாட்டினது" என்றேன்.

"மோளு தன்னெயோ?"

"நானேதான்."

அவர் கையை எடுத்துவிட்டார். நான் சொன்ன தொனியில் யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். பிளக்குகளைக் கழற்றினார், கரி படிந்திருந்தது, சுரண்டினார். கார்புரேட்டரின் திருகைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தார். ஓடவிட்டுப் பார்த்தார். இன்னும் குறைத்தார். புகை குறையவில்லை. வண்டி மட்டும் திக்கத் தொடங்கியது. கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மரணச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார்.

"மோளே, வயசாயி. எஞ்சின் தீர்ந்நு. இனி இதில பைசா இடண்டா."

"எனக்கும் அதே வயசுதான் சேட்டா. நான் தீர்ந்துபோயிட்டனா?"

"மோளு கல்யாணம் கழிக்காத்ததுகொண்டு தீராத்ததா" என்று அவர் சொல்ல, உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் செய்யாததால்தான் நான் தீர்ந்துபோகவில்லையாம். சிரிக்கட்டும். கல்யாணம் கழித்த வண்டிகள் பல அங்கே பானெட் திறந்து வரிசையாகப் படுத்துக் கிடந்தன. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் வைட்டிலா சிக்னலில் என் புகை எனக்கே கண்ணாடியில் தெரிந்தது. பின்னால் பைக்கில் இருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து, கண்ணாடியைத் தட்டி, பலகையைக் காட்டி, நாட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். புகைக்காக அவன் திட்டியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அது என் தொழில் தர்மம். அவன் பலகையைத் திட்டினான். ஆகவே கண்ணாடியை இறக்கி, எனக்குத் தெரிந்த நல்ல மலையாளத்தில், பச்சை விழுந்துவிட்டது, முன்னால் பார்த்து ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். இலக்கண சுத்தமாக. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தைரியம் எடப்பள்ளி வருவதற்குள் தீர்ந்துவிட்டது. வண்டி மேட்டில் திணறியது. ஷாஜி சேட்டன் சொன்னது சரிதானோ, சனிக்கிழமை மறு பரிசோதனையிலும் தோற்கப் போகிறேனோ, ஞாயிற்றுக்கிழமை அம்மா முன்னால் சாவியைக் கொடுக்கப் போகிறேனோ என்று இருந்தது. வாயால் சொன்னதை மாற்றிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. இசக்கிக்கும் அது தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டிருக்கிறான்.

5

வெள்ளிக்கிழமை ஒரு புகைபோக்கியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே பெரியாறு. இடுப்பில் பெல்ட். குழாயைச் செருகிவிட்டு, புகை சேரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருக்கும்போது யோசிக்கத்தான் முடியும்.

கார்பன் மோனாக்சைடு எப்போது வரும்? இதைப் பள்ளிக்கூடத்துப் பாடமாகவே படித்திருக்கிறோம். எரிவதற்கு வேண்டிய காற்று கிடைக்காதபோது வரும். தினமும் இதைத்தான் அறிக்கையில் எழுதுகிறேன்: கொதிகலனுக்குக் காற்று போதவில்லை, காற்றின் பாதையைப் பார்க்கவும். எந்த ஆலைக்கும் கொதிகலனுக்கு வயதாகிவிட்டது என்று நான் எழுதியது கிடையாது. வயதானால் எஞ்சின் எண்ணெயை எரிக்கும், அந்தப் புகை நீலமாக இருக்கும். என் வண்டியின் புகை கறுப்பு. கறுப்பென்றால் பெட்ரோல் மிச்சம். ஷாஜி சேட்டன் பெட்ரோலைக் குறைத்தும் மிச்சமாகிறதென்றால் குறைவது காற்று.

காற்று போகும் பாதையில் இருப்பது ஒன்றே ஒன்று. நான் மாட்டியது. நானே தொட வேண்டாமென்று சொன்னது.

கீழே இறங்கும்வரை அதை ஒத்துக்கொள்ள மனமில்லை. புது ஃபில்டர், சரியான அளவு, சரியாக உட்கார்ந்தது. ஏணியின் கடைசிப் படியில் நின்றபோது, சரி, இன்னொரு ஆலையாக இருந்தால் என்ன எழுதுவாய் என்று என்னையே கேட்டேன்.

6

சனிக்கிழமை காலை கோடவுன் சுவரோரம் நின்ற வண்டியின் பானெட்டைத் திறந்தேன். பெட்டியின் நட்டு கையாலேயே திருகுவது. மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு மூட்டை இருந்தது.

மஞ்சள் துணி. மஞ்சள் என்று நான் சொல்கிறேன், கறுத்து, நனைந்து, காற்று நுழையும் வாயில் பஞ்சுபோல் அடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒழுகிய நீர் ஃபில்டர் காகிதத்தை நனைத்து, காய்ந்து, வெள்ளைப் பொருக்காகப் பிடித்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அதோடு படிகாரத்தின் துவர்ப்பு. பிரித்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. கல்லுப்பு, படிகாரம், காய்ந்த மிளகாய், ஒரு விரலி மஞ்சள். ஆயுத பூஜையன்று வண்டிக்குக் கட்டுகிற திருஷ்டி மூட்டை. எங்கள் பக்கத்தில் எல்லா வண்டியின் நெற்றியிலும் வெயிலில் தொங்குவது. இங்கே ஐப்பசி முழுக்க மழை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்துக் குடித்து, உருகி, என் எஞ்சினின் மூக்கை அடைத்திருக்கிறது.

"அம்மா!" என்று கத்தினேன். சந்தே திரும்பிப் பார்த்தது.

அம்மா வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். "அத ஏன்ட்டி வெளிய எடுத்த?" என்றாள்.

"இத யாரு இதுக்குள்ள வச்சா?"

"சாமி காரியம். கெடக்கட்டும், உள்ள வையி."

"அம்மா, வண்டி மூச்சுவிடுத எடம் இது. இதுலதான் வச்சு அடைச்சிருக்கீங்க. இதனாலதான் பள்ளுருத்தில தோத்தது."

அம்மாவின் முகம் போன போக்கு. "எனக்கு என்னட்டி தெரியும்? அது வெறும் டப்பான்னுல்லா அவன் சொன்னான்."

"எவன்?"

அதற்குள் இசக்கி பல்விளக்கிக்கொண்டே வந்து நின்றான். மூட்டையைப் பார்த்ததும் பிரஷ் வாயிலேயே நின்றது.

"நீயாடே?"

"அது… காலி தகரம்னு நெனச்சு…"

பிறகு அம்மாதான் சொன்னாள். வண்டி இங்கே வந்த பிறகு அம்மா தந்த முதல் மூட்டையை நான் ஊரில் போலவே முன்பலகையில் கட்டியிருந்தேன். அதைப் பார்த்த ஜங்ஷன் பையன்கள், நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள், இசக்கியின் நோட்டுப் பையிலும் ஒரு மிளகாயைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவன் எங்களிடம் சொல்லவில்லை. இந்த ஆயுத பூஜைக்கு அம்மா மூட்டை கட்டியபோது, வெளியே தொங்கவிட்டால் இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அம்மா விடவில்லை. அக்கா விடியாத நேரத்தில் லாரிகளுக்கு நடுவில் போகிறாள், ஒன்றும் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்றிருக்கிறாள். அப்போது அவன் கண்டுபிடித்த வழி இது. யாருக்கும் தெரியாத இடமாக, கையால் திறக்கிற ஒரு டப்பாவாகப் பார்த்து, அவனே வைத்துப் பூட்டியிருக்கிறான்.

"பின்ன ஏம்டே ஆக்ரிக்காரன வரச்சொன்ன?"

"வயசாயி எஞ்சின் போச்சுன்னுதான் நெனச்சேன். ஷாஜி சேட்டனும் பின்ன அதையேதான சொன்னாரு. எனக்கு இதுனாலன்னு அறியாமா?" பிரஷ்ஷை எடுத்துத் துப்பினான். "அக்கா, சத்தியமா அறியில்லா."

"அறியில்லாவா! தமிழ்ல சொல்லுடே."

"தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. யார் மேல் என்று நிதானித்தபோது அம்மா மேலும் இல்லை, அவன் மேலும் இல்லை. மூட்டையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உப்பும் படிகாரமும் லாரியைத் தடுக்கும் என்று எந்த வேதியியலும் சொல்லவில்லை. ஆனால் அம்மா அதைக் கட்டலாம். மில் வீட்டில் அந்தக் காரைத் தொடுவதற்கே கணக்கு இருந்தது. இப்போது அது அவளுடைய மகளின் கார். அவள் மகளுக்காக அவள் எதை வேண்டுமானாலும் கட்டலாம். அதை ஏன் ஒளித்துக் கட்ட வேண்டும்? யாருக்குப் பயந்து?

மூட்டையை இசக்கியின் கையில் கொடுத்தேன்.

"புதுத்துணில கட்டச் சொல்லி அம்மாகிட்ட வாங்கு. முன்னாடி கட்டு. நீதான் கட்டணும்."

"அக்கா…"

"ஏறாட்டா ஏறாத. நடந்து வா. ஆனா கட்டிட்டு வா."

அம்மா உள்ளே போய்த் தன் பழைய மஞ்சள் சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து வந்தாள். புது உப்பு, புது மிளகாய். இசக்கி தலையைக் குனிந்தபடி பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. அம்மா குனிந்து, "இப்படிச் சுத்துல, ரெண்டு சுத்து" என்று அவன் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். சந்தில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் போய்விட்டார்கள்.

7

தோப்பும்படியில் புது ஃபில்டர் வாங்கி மாட்டினேன். ஷாஜி சேட்டன் குறைத்து வைத்த திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அவரிடமே போனேன். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏர் ஃபில்டரில் உப்பும் முளகும்! இது பாண்டிக்காரு மாத்ரமே செய்யூ!"

"ஆமா சேட்டா, நாங்க மட்டும்தான் செய்வோம். ஆனா எஞ்சின் தீர்ந்துபோச்சுன்னு சொன்னது பாண்டிக்காரரு இல்ல."

சிரிப்பு நின்றது. பிறகு இன்னும் பெரிதாகச் சிரித்தார். திருகைத் திருகிவிட்டு எஞ்சினுக்குக் காது கொடுத்தார். வண்டி பூனை மாதிரி உறுமியது. "மோளே, சுந்தரி" என்றார். முதல் முறையாக அதைச் சாதனம் என்று சொல்லவில்லை.

இசக்கி வண்டியில் ஏறினான். முன்சீட்டில்தான். ஜங்ஷன் வரும்போது போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். அவன் கூட்டாளி ஒருவன், "ஐசக்கே, மாலை எவிடுந்நா?" என்று கூவினான். மாலை எங்கிருந்து என்று மூட்டையைத்தான் கேட்கிறான். நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். வேண்டுமென்றேதான். இசக்கி என்னை ஒரு முறை முறைத்தான். பிறகு கண்ணாடியை இறக்கி, "அம்மா கெட்டியதா! எந்தா, நினக்கும் வேணோ?" என்று திருப்பிக் கூவினான். அம்மா கட்டியது, உனக்கும் வேண்டுமா என்று. மலையாளத்தில்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளுருத்தியில் பினோய் குழாயைச் செருகினான். நான் எஞ்சினை உறுமவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரையும் பார்க்கவில்லை, பின்கண்ணாடியைத்தான் பார்த்தேன். பின்னால் சாலை தெளிவாகத் தெரிந்தது. மீன் கூடையோடு ஒரு பெண் சாலையைக் கடந்து போனாள். அவளுடைய சேலைக் கரைகூடத் தெரிந்தது.

"பாஸாயி" என்றான் பினோய். ஆச்சரியத்தை மறைக்கவில்லை. "எந்து செய்து சேச்சி?"

"மூக்கைத் தொடச்சுவிட்டேன்."

பிறகு சான்றில் சேர்க்க வண்டியின் படம் எடுக்கக் கேமராவோடு முன்னால் போனான். போனவன் கையை விரித்தான். மூட்டை பலகையின் மேல் தொங்குகிறது, எண் முழுதாகத் தெரியவில்லை, அதை அவிழ்த்துவிடச் சொன்னான்.

நான் கதவைத் திறப்பதற்குள் இசக்கி இறங்கிவிட்டான்.

"அழிக்கண்டா" என்றான். அவிழ்க்க வேண்டாம் என்று. வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மூட்டையை விரல்களால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். "இப்போ எடுத்தோ சேட்டா."

பினோய் என்னைப் பார்த்தான். பிறகு படம் எடுத்தான்.

8

ஞாயிற்றுக்கிழமை ஆக்ரிக்காரன் வந்தான். இசக்கி அவனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, வீட்டில் கிடந்த பழைய மிக்ஸியைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினான். திங்கட்கிழமை அலுவலகத்தில் வண்டியைக் காட்டினேன். வண்டியின் அடிப்பக்கம் வரை பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பிடச் சொன்னார்கள். ஒப்பிட்டேன். சீக்கிரம் கே.எல். 43 என்று மட்டாஞ்சேரியின் எண்ணோடு புதுப் பலகை வரும். அப்போது எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கவலைப்பட வேண்டாம். மூட்டை முன்னால்தான் தொங்கும்.

சான்றை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, மலையாளமும் தெரியாது, அந்தத் தாளில் இருந்த ஆங்கிலம் எனக்கே அரைகுறை ஆங்கிலமாகத்தான் பட்டது. சுக்குத் தூள் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். எழுத்துகளை விட்டுவிட்டுக் கீழே இருந்த சின்னப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெள்ளைப் பம்பர், பலகை, மஞ்சள் துணி. துணியைப் பிடித்திருக்கும் ஒரு கை.

"ஏட்டி, இது நம்ம இசக்கி கைல்லா?" என்றாள்.